முழங்காலைக் கேளுங்கள்

கேள்வி: வெர்னா, சிட்டி, ஸ்லாவியா ஆகிய மூன்று செடான் கார்களில் உள்வசதி எதில் நன்றாக இருக்கும்? வீட்டில் ஐந்து பேர், அம்மாவுக்கு மூட்டுவலி. (வாசகர், வானூர்)

பதில்: ஷோரூமில் உங்களை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்துப் பெரிய திரையைக் காட்டுவார்கள். நீங்கள் அம்மாவைப் பின்னால் உட்காரவையுங்கள். காரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அவருடைய முழங்கால்தான்!

முன், பின் சக்கர இடைவெளி வெர்னாவில் 2,670 மி.மீ., ஸ்லாவியாவில் 2,651, சிட்டியில் 2,600. காகிதத்தில் சிட்டிக்குக் கடைசி இடம். ஆனால் பின் இருக்கையின் சாய்மானத்திலும் தொடைக்குக் கிடைக்கும் தாங்கலிலும் அதுதான் முந்துகிறது. வெர்னாவின் கூரை பின்னால் சரிவதால் உயரமானவருக்குத் தலை தட்டும். ஸ்லாவியாவின் இருக்கைகள் அருமை. ஆனால் பின்னால் நடுத்தரை மேடாக இருப்பதால் மூன்றாவது ஆள் காலை அகட்டித்தான் உட்கார வேண்டும்.

திண்டிவனம் வெயிலுக்கு இதமாக, காற்று வரும் முன்னிருக்கை வெர்னா, ஸ்லாவியாவின் உயர் வகைகளில் உண்டு. அந்தச் சுகம் ஓட்டுபவருக்கு. அம்மாவுக்குப் பின்பக்க ஏ.சி. துவாரம்தான் முக்கியம்.

செடான் எல்லாமே தாழ்வானவை. டெஸ்ட் டிரைவில் அம்மாவைத் திருவக்கரை கோயில் வரை அழைத்துப்போய், ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். சிரமப்படாமல் எழுந்தால், ஐந்து பேர் குடும்பத்துக்கு என் ஓட்டு சிட்டிக்கே. சிரமப்பட்டால் செடானே வேண்டாம், உயரமான கார் பாருங்கள்.