கண் சுழன்ற கதை

கேள்வி: மற்றத் தொலைக்காட்சிகள் சின்னத்தை அடிக்கடி மாற்றிக்கொள்ளும்போது, தூர்தர்ஷன் சின்னம் மட்டும் மாறாதது ஏன்?
– ஒரு வாசகர், புத்தலப்பட்டு, சித்தூர் மாவட்டம்

பதில்: சுழல்வதிலேயே காலம் கழிந்துவிட்டதால், மாறுவதற்கு அதற்கு ஒழியவில்லை போலும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் மாணவராயிருந்த தேபாசிஷ் பட்டாச்சார்யா, ஒரு வட்டத்தை இரு வளைவுகள் தழுவுவதாக வரைந்த வடிவமே, பல வரைவுகளிடையே பிரதமர் இந்திரா காந்தியால் தேர்ந்தெடுக்கப்பட்டது. பார்ப்பவர் அதைக் கண் என்று கொண்டனர். கணினி வரைகலை எட்டாத அக்காலத்தில், அதே நிறுவனத்தின் ஆர். எல். மிஸ்திரி, சின்னத்தின் படிகளைக் கேமராவின் கீழ் வைத்துச் சுழற்றிப் படமெடுத்து, சிதறிய வளைவுகள் மெல்லக் கூடி முழு வடிவம் பெறும் அசைவுப்படத்தை, அதாவது நிலைப்படங்களைத் தொடர்ந்து ஓட்டி இயக்கமாகக் காட்டும் படத்தை, உருவாக்கினார். பண்டிட் ரவிசங்கரின் இசை அதனுடன் சேர்ந்தது. வானொலியிலிருந்து தூர்தர்ஷன் தனித்துறையாகப் பிரிந்த 1976 ஏப்ரல் 1 அன்று அது திரையேறியது. சித்தூர் மாவட்டமும் 1911இல் அதே தேதியில்தான் பிறந்தது என்பதால், முட்டாள்கள் தினத்தைப் பழிப்பதில் புத்தலப்பட்டார் சற்று நிதானம் காட்டுவது நன்று.

பின்னர் மெருகேற்றங்கள் பல நேர்ந்தபோதிலும் கண் கண்ணாகவே இருந்தது. 2024 ஏப்ரலில் டிடி நியூஸ் சின்னத்தின் சிவப்பு மாறியபோதுதான் பூசல் மூண்டது: எதிர்க்கட்சிகள் அதைக் காவி என்றன, நிர்வாகம் ஆரஞ்சு என்றது. வண்ண ஒளிபரப்பு 1982இல்தான் வந்ததென்பதால், 1976இன் கறுப்பு வெள்ளைப் பெட்டிகளுக்கு இவ்வழக்கில் சாட்சி சொல்லும் தகுதி கிடையாது.