பையா, உடுப்பா?

பனிக்காலத்தில் மலையேறிக் கூடாரமடித்துத் தங்குவதென்று தீர்மானித்துவிட்ட மனிதனுக்கு வந்து சேரும் சங்கடங்களுள் தலையாயது, இரவில் எதற்குள் புகுந்துகொண்டு தூங்குவது என்பதாகும். பரம்பரையாக வழங்கி வருவது, தோள்மாட்டில் அகன்று கால்மாட்டில் குறுகும் ஸ்லீப்பிங் பேக் என்னும் பை. அதற்குப் போட்டியாகக் கையும் காலும் வைத்துத் தைத்த உறக்க உடுப்பொன்று இப்போது புறப்பட்டிருக்கிறது. அதை அணிந்தவர் படுக்கையையே சட்டையாக மாட்டிக்கொண்டு யதேச்சையாக உலாவலாம்.

உத்தராகண்டில் கேதார்காந்தா சிகரத்துக்குப் போகும் வழியில், ஜூடா கா தாலாப் என்ற ஏரி உறைந்து கிடந்த ஒரு ராத்திரி, இவ்விரண்டும் ஒரே கூடாரத்தில் சந்தித்தன. பை என்னுடையது, உடுப்பு நண்பருடையது. அவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவராதலால் ஆதாரமில்லாமல் பேசமாட்டார். 1922-இல் எவரெஸ்டுக்குப் போன ஜார்ஜ் பிஞ்ச், பலூன் துணிக்குள் ஈடர் வாத்தின் தூவியை அடைத்து அங்கி தைத்துக்கொண்டு வந்ததைக் கண்டு பரிகசித்த சகாக்களே, பின்னர் குளிரில் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட சரித்திரத்தை எடுத்து வைத்தார்.

நானும் சும்மா இருக்கவில்லை. வட துருவத்தை நாடிப் போய்த் திரும்பிய நான்சென், யோஹான்சென் இருவரும் 1895-96 குளிர்காலத்தைப் பிரான்ஸ் ஜோசப் தீவுகளில் ஒரு கல்குடிசையில் கழித்தபோது, ஒரே பைக்குள் கிடந்து அலுத்துப் போய்த் தனித்தனியே படுத்துப் பார்த்து, குளிர் பொறுக்கமாட்டாமல் போர்வைகளை மறுபடியும் சேர்த்துத் தைத்து ஒன்றாகவே நுழைந்துகொண்டார்கள். “இரண்டு மனிதர்களாலேயே பிரிந்திருக்க முடியாதபோது, ஒரே மனிதனின் இரண்டு கால்களைப் பிரித்து வைப்பது தர்மமா, சார்?” என்று கேட்டேன். உஷ்ணத்தைக் காப்பது துணியன்று, அதற்குள் அகப்பட்டுக் கிடக்கும் காற்றே. கால்கள் ஒட்டிக் கிடந்தால் குளிருக்குக் காட்டும் பரப்பும் குறைகிறது. அடியில் நம் பாரத்தால் அமுங்கும் பாகம் எதற்கும் உதவாது. அதற்குப் பாய்தான் வேண்டும், பையானாலும் உடுப்பானாலும்.

சாஸ்திரம் இவ்வளவில் நிற்க, நள்ளிரவில் இயற்கை உபாதை இருவருக்கும் ஏககாலத்தில் வந்தது. துணியைக் கடித்துக்கொண்ட ஜிப்பைச் சமாதானப்படுத்தி, கம்பளிச் சட்டையைத் துழாவி எடுத்து, விறைத்துப் போன பூட்ஸ் நாடாவோடு நான் மல்லுக்கு நிற்கையில், நண்பர் எழுந்தார், நடந்தார், மறைந்தார். உடுப்பின் மகிமை அப்போதுதான் பிரத்தியட்சமாயிற்று. ஆனால் போய்ச் சேர்வது வேறு, போன காரியம் வேறு அல்லவா? அவருடைய உடுப்புக்குக் கழுத்திலிருந்து இறங்கும் ஒரே ஜிப்புதான் வாசல்; ஆகையால் நான் மூடிய கூடாரத்துக்குள் பட்ட அவஸ்தை முழுவதையும் அவர் மரத்தடியில், சுழன்றடிக்கும் காற்றில், தம்மைத் தாமே தோளிலிருந்து உரித்துக்கொண்டு படவேண்டியதாயிற்று. சாயங்காலம் முதல் சேமித்த உஷ்ணம் ஒரே செக்கில் காலி. போதாததற்கு, பாதத்தில் ஒட்டிய பனியும் அவரோடு படுக்கைக்கு வந்து, உருகி, விடியும்வரை உடனுறைந்தது.

விடியற்காலையில் சமையல் கூடாரத்திலிருந்து இஞ்சி தட்டிப் போட்ட தேநீரின் மணம் வந்தபோது, எழுந்து போகத்தக்க நிலையில் இருந்தவர் நண்பர் ஒருவரே. கூடாரத்துக்கு ஒரு உடுப்பு அவசியம் என்பதிலும், அது மற்றவருடையதாக இருக்கவேண்டும் என்பதிலும் எனக்கு அக்கணமே சந்தேகம் தெளிந்தது. மூக்கை மட்டும் பைக்கு வெளியே நீட்டி, “எனக்குச் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக, சார்” என்றேன்.