சும்மா இருக்கும் உத்தியோகம்

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்டால், கற்றுக்கொடுக்கத்தான் என்பார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு என்பது என் கட்சி. அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகளில் பெரிதும் புழங்கும் செஸ்னா 172-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1956 முதல் நாற்பதாயிரத்துக்கும் மேல் செய்துவிட்டார்கள். அழகுக்காக யாரும் வாங்கியிருக்க முடியாது, பொறுமைக்காகத்தான். மூக்கின் நிலையைச் சமன்செய்யும் டிரிம் சக்கரத்தைச் சரியாகத் திருகிவிட்டுக் கையை எடுத்தால், காற்று குலுக்காதவரை அது தன்பாட்டுக்குப் பறந்துகொண்டிருக்கும். புது மாணவரோ நெரிசல் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல் விரல் வெளுக்க யோக் என்னும் ஓட்டுபிடியைப் பிடிக்கிறார். உடனே மூக்கு ஏறுகிறது, இறங்குகிறது. முதல் சில பாடங்களில் அவர் கற்பதெல்லாம் விமானத்தை நச்சரிக்காமல் இருக்கத்தான். அதையே ஆசிரியர் மாணவரிடம் கடைப்பிடிக்க வேண்டும். அங்கேதான் சிரமம்.

தரையிறங்கும்போது பாருங்கள். ஓடுபாதைக்குச் சில அடி மேலே மூக்கை மெல்ல உயர்த்தி, வேகம் வடிய வடிய, விமானத்தைத் தானாக உட்கார விட வேண்டும். வேகம் மிஞ்சியிருந்தால் அது உட்கார மறுத்து மிதக்கும். தரையை ஒட்டிப் பறக்கையில் இழுவை குறைந்துவிடுவதே காரணம். மாணவர் அவசரப்பட்டு யோக்கை இழுப்பார். விமானம் பத்தடி மேலே போய், வேகம் செத்து, தொப்பென்று விழப் பார்க்கும். ஆசிரியர் அப்போதே பிடித்துக்கொண்டால் மெத்தென்று இறங்கலாம். தானே இறக்கியதாக மாணவர் வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்வார். பிடிக்காவிட்டால் டயரின் ஆயுள் கொஞ்சம் குறையும், மாணவரின் அறிவு கொஞ்சம் கூடும். எந்த அளவு கெடலாம், எதற்கு மேல் கெடக்கூடாது என்று அந்த ஒரு நொடியில் தீர்மானிப்பவருக்குத்தான் கூலி. உயிரோடு விளையாடுவதா என்று கேட்கலாம். ஆசிரியர் முன்னால் இரண்டாவது யோக் அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் பிடிப்பதற்கும் ஒரு சடங்கு உண்டு: ‘என் கையில்’ என்று ஆசிரியர் சொல்ல, ‘உங்கள் கையில்’ என்று மாணவர் சொல்ல, ஆசிரியர் மறுபடியும் ‘என் கையில்’ என்பார். அடுத்தவர்தான் ஓட்டுகிறார் என்று இருவருமே நம்பிக்கொண்டிருப்பது, தரைக்கு அருகில், நல்ல யோசனை இல்லை.

ஆசிரியர்களில் பலர் விமான நிறுவன வேலைக்காக மணிக்கணக்குச் சேர்க்க வந்த இளைஞர்கள், அவர்களுக்கு ஏது இந்த நிதானம் என்பது இன்னொரு ஆட்சேபம். முதல் பாதி உண்மை. 2009-இல் அமெரிக்காவின் பஃபலோ அருகே நடந்த விமான விபத்துக்குப் பிறகு வந்த சட்டத்தால், அங்கே விமான நிறுவனத்தில் விமானியாகச் சேரப் பொதுவாக 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பாடம் நடத்தும் நேரமும் ஆசிரியரின் கணக்கில் ஏறும். ஆனால் வேடிக்கை, அவரே ஓட்டினாலும் மாணவர் ஓட்டினாலும் ஏறுவது அதே மணிதான்! தட்டிப் பறிப்பதால் அவருக்குச் சல்லிக்காசு லாபமில்லை. பறித்தால் அது பயத்தால்தான். பயம் மணி ஏற ஏறக் குறையும். கடைசியில் ஒருநாள் அவர் இறங்கிக்கொண்டு மாணவரைத் தனியே அனுப்புகிறார். ஓர் ஆள் பாரம் குறைந்த விமானம் விறுவிறுவென்று ஏறுவதைக் கண்டு மாணவர் மிரள்வார். திரும்பி வந்ததும் அவர் சட்டையின் பின்பக்கத்தைக் கத்தரிப்பது அங்கே வழக்கம். பின் இருக்கை ஆசிரியர் முன்னால் இருப்பவரின் சட்டையை இழுத்துச் சேதி சொன்ன காலத்து மிச்சம் அது என்கிறார்கள். இனி இழுக்க ஆளில்லை என்று அர்த்தமாம். அன்றைக்குப் பழைய சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போவது நல்லது.