பெருங்களத்தூரில் டர்போ எழுந்திருக்காது

பிக்கப் வண்டி வாங்கப் போகிறவர் முதலில் விசாரிப்பது குதிரைத்திறனைத்தான். இப்போதெல்லாம் இன்ஜின் சிறுத்துக்கொண்டே போகிறது, குதிரைகள் பெருத்துக்கொண்டே போகின்றன; எல்லாம் டர்போவின் புண்ணியம். ஆனால் ஜிஎஸ்டி சாலையில் பாரம் இழுக்கப் பெரிய இன்ஜின்தான் லாயக்கு என்பது என் கட்சி. டர்போ என்பது இன்ஜின் வெளியே தள்ளும் புகையில் சுழன்று, உள்ளே காற்றைத் திணிக்கும் சக்கரம். இன்ஜின் விரட்டிச் சுற்றினால்தான் அதற்குப் போதுமான புகை கிடைக்கும். மூன்று முறை நேரில் போய் அழைத்தால்தான் கிளம்புகிற சம்பந்தி அது. இரும்புக் கம்பி ஏற்றிய வண்டி பெருங்களத்தூர் நெரிசலில் ஹாஃப் கிளட்சில் நான்கடி நகர்ந்து, பிரேக் போட்டு, மறுபடி நான்கடி நகரும்போது அத்தனை உபசாரத்துக்கு நேரம் ஏது? பெரிய இன்ஜினிலும் டர்போ உண்டுதான். ஆனால் அது வந்து சேரும்வரை சொந்த சிசியை வைத்துச் சமாளிக்கும்.

சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. மறைமலை நகர் ஆலையில் ஃபோர்டு தயாரித்த எண்டெவர், ரேஞ்சர் பிக்கப்பின் உடன்பிறப்பு. அதன் 3.2 லிட்டர் டீசல் இன்ஜினின் முழு இழுவை 1750 ஆர்பிஎம்மில் கிடைத்தது. 2020இல் அந்த இடத்துக்கு வந்த 2 லிட்டர் இன்ஜினுக்கு 2000 வேண்டியிருந்தது. இசுஸு வி-கிராஸில் 2.5 லிட்டர் போய் 1.9 வந்தது, குதிரைத்திறன் 134இலிருந்து 163 ஆனது, முழு இழுவையோ 1800இலிருந்து 2000க்குத் தள்ளிப்போனது. வேடிக்கை என்னவென்றால், அதே கம்பெனி சரக்கு ஏற்றும் டி-மேக்ஸில் மட்டும் வெறும் 78 குதிரைகளோடு 2.5 லிட்டரையே வைத்துக்கொண்டது. அதன் இழுவை 1500லேயே தயார். அழகுக்கு ஒன்று, பாரத்துக்கு ஒன்று என்று கம்பெனிக்கே தெரிந்திருக்கிறது.

சின்ன இன்ஜின் மைலேஜ் தருமே என்பார்கள். தரும், மறுக்கவில்லை. ஆனால் பாரத்தோடு கிளப்ப ஒவ்வொரு முறையும் ஆக்ஸிலரேட்டரை மிதித்து கிளட்சைத் தேய்த்தால், பங்கில் மிச்சம் பிடித்த காசு மெக்கானிக்கிடம் போய்விடும். 2005இல் வந்த டாடா ஏஸுக்கு 702 சிசிதானே, அந்தக் குட்டி யானை பீரோ, கட்டில், கிரைண்டர் என்று முழு வீட்டையே சுமந்து முடிச்சூர் போகவில்லையா என்று மடக்குவார்கள். போகிறது. அதற்கு 16 குதிரைதான், டர்போவும் கிடையாது. சின்ன கியரும் பொறுமையும் சேர்ந்து இழுக்கின்றன. ஆக, டர்போவை நம்பாத அதுவும் நம் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறது. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் நள்ளிரவில் பறப்பவருக்கு மட்டும் சின்ன டர்போ சொர்க்கம்.

ஆகவே ஷோரூமில் குதிரைகளை எண்ணாதீர்கள். முழு இழுவை எத்தனை ஆர்பிஎம்மில் ஆரம்பம் என்று கேளுங்கள். 1500 என்றால் அட்வான்ஸ் கொடுங்கள். 2000 என்றால் விடியற்காலை நான்கு மணிக்கு மட்டும் லோடு அடியுங்கள்.