பானட்டுக்குள் ஒரு டப்பா

மண்ணாடிப்பட்டு கொம்யூனில் குடியிருப்பவர் தன் வண்டிக்குள் புதிதாக ஒரு டப்பாவைப் பொருத்துவதற்கு முன் நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கம் கொஞ்ச தூரம் நேராகப் போனால் புதுச்சேரி, அப்புறம் விழுப்புரம் மாவட்டம், திரும்பவும் புதுச்சேரி என்று எல்லை மாறிக்கொண்டே இருக்கும். எல்லை இருந்தால் சோதனைச் சாவடி இருக்கும். சாவடியைப் பொறுத்தவரை புதுச்சேரிப் பக்கமிருந்து வரும் திரவம் எதுவானாலும், நிரபராதி என்று நிரூபிக்கும்வரை அது குற்றவாளிதான்.

என் டப்பாவுக்கு ஆயில் கேட்ச் கேன் என்று பெயர். மாட்டியது பழைய டர்போ டீசல் ஜீப்பில். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், எல்லாக் கம்பெனி டீசல் இன்ஜினும் இப்படித்தான் மூச்சு விடுகிறது. சிலிண்டருக்குள் டீசல் வெடிக்கும்போது வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். அதை அடைத்து வைத்தால் ஆயில் சீல் பிதுங்கும். அதற்காக டேப்பெட் கவரின் மேல் ப்ரீதர் என்று ஒரு வழி விட்டிருக்கிறார்கள். புகை அந்த வழியில் சும்மா போவதில்லை, ஆயிலையும் பொடித்துளியாக அள்ளிக்கொண்டு போகிறது.

அந்தக் காலத்து டிராக்டர்களில் ப்ரீதர் குழாயைத் தரையைப் பார்த்துத் தொங்கவிட்டிருப்பார்கள். கரும்பு லோடு நிற்கும் இடமெல்லாம் கறுப்புப் பொட்டு விழும். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. கலிஃபோர்னியாக்காரர்கள்தான் ஊர்க்காற்று கெடுகிறது என்று 1960-களின் தொடக்கத்திலேயே அந்தப் புகையைத் திரும்ப இன்ஜினுக்குள்ளேயே விடச் சொன்னார்கள். டீசலிலும் பின்னால் அதே வழக்கம் வந்தது. காற்றுக்குப் புண்ணியம், மேனிஃபோல்டுக்குப் பாவம். ஆயில் புகை டர்போவுக்குள் போய், இன்டர்கூலரில் படிந்து, ஈஜிஆர் வால்வு திருப்பி அனுப்பும் கரியோடு மேனிஃபோல்டில் சேர்ந்துகொள்ளும். நாள்பட்ட வண்டியில் அதைக் கழற்றிப் பார்த்தால் அடிபிடித்த கறுப்பு அல்வா மாதிரி இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

ப்ரீதருக்கும் டர்போவுக்கு முன்னால் இருக்கும் ஹோஸுக்கும் நடுவே இந்த டப்பாவை வைத்தால், புகை உள்ளே நுழைந்து வலையில் முட்டி ஆயிலைக் கீழே விட்டுவிட்டு மேலே போகும். இவ்வளவுதான் விஷயம். இதைத் திருக்கனூர் மெக்கானிக்கிடம் சொன்னேன். பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்தபடி அவர் கேட்டார்: “இன்னா சார், கம்பெனிக்காரன் ஏசி ரூம்ல உக்காந்து யோசிச்சு வெச்சத நாம கயித்தக் கட்டி மாத்தப் போறமா?”

“கயிறு இல்லண்ணே, கிளாம்ப்.”

டப்பாவைக் கையில் வாங்கி ஆட்டினார். ஒன்றும் சத்தம் வரவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை. சந்தையில் விலை மலிவாகக் கிடைக்கிற கேன்களில் பாதி இப்படித்தான், வலையோ தடுப்புத் தகடோ இல்லாத வெறும் காலி டப்பா. ஒரு பக்கம் நுழைந்த புகை மறுபக்கம் அப்படியே கிளம்பிப் போய்விடும். “பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரு ரெண்டு வெச்சு அமுக்கிடலாம் சார்” என்றார். அதன் துணுக்கு ஒன்று பிய்ந்து டர்போவுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை அவரே யோசித்து அவரே மிரண்டார். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அந்த வேகத்தில் அதற்கு ஸ்டீல் நார் பரிமாறுவது நல்லதில்லை. வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர்களும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். காசு கொஞ்சம் கூடப் போனாலும் வலையோடு வரும் கேன்தான் என்று முடிவானது. ஹோஸும் ஆயில் தாங்குகிற ரகம்தான் வேண்டும். ரேடியேட்டருக்குப் போடும் சாதா ரப்பர் ஆயில் பட்டால் ஊறி உப்பி, கிளாம்பை விட்டு நழுவிவிடும்.

வேலை நடக்கும்போதே கூட்டம் சேர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் பானட்டைத் திறந்தால் அது பொதுக்கூட்டம்.

“இதப் போட்டா மைலேஜ் ஏறுமா?”

“ஏறாதுங்க.”

“பிக்கப்பு?”

“அதுவும் அப்படியேதான் இருக்கும்.”

“பின்ன எதுக்கு?”

“இன்ஜினுக்குள்ள அழுக்கு சேராது.”

“உள்ள யாரு பாக்கப் போறா?”

இந்தக் கடைசிக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பெரியப்பா மட்டும் ஆதரவாக இருந்தார். வடிகிற ஆயில் மாட்டுவண்டி அச்சுக்கு ஆகுமா என்று கேட்டுவிட்டு, மதகடிப்பட்டு செவ்வாய்ச் சந்தைக்குப் பஸ் ஏறிப் போனார்.

தை பிறந்து முதல் முகூர்த்தம் விழுப்புரத்தில். சாவடியில் நிறுத்தினார்கள். டிக்கி, சீட்டுக்கு அடி, சீர்வரிசைத் தட்டு எல்லாம் பார்த்தபின் பானட்டையும் திறக்கச் சொன்னார்கள். ஹோஸ் போய் ஹோஸ் வரும் பளபளப்பான டப்பாவைப் பார்த்ததும் காவலர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எத்தனை வருஷ சர்வீஸில் கனவு கண்ட கேஸோ!

“இதுல இன்னா இருக்கு?”

“ஆயில் சார்.”

“திற.”

அடியில் இருந்த திருகைத் திறந்தேன். டீயும் மோரும் கலந்த நிறத்தில் ஒன்று கொழகொழவென்று இறங்கியது. எரிந்த டீசலின் நீராவி மார்கழிக் குளிரில் டப்பாவுக்குள் தண்ணீராகி ஆயிலோடு கலந்துவிடும், அதனால் அந்த நிறம். இதை விளக்குவதற்குள் அவர் விரலில் தொட்டு மோந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது.

“யோவ், இதக் குடிச்சா ஆளு செத்துடுவான்யா!”

“அதான் சார், இன்ஜினுக்குக் குடுக்காம புடிச்சு வெச்சிருக்கேன்.”

போகச் சொல்லிக் கையைக் காட்டினார். கை கழுவத் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.

டப்பாவை மாட்டிவிட்டு மறந்துபோகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். டப்பா நிரம்பிவிட்டால், அதுவரை துளித்துளியாகச் சேர்ந்தது மொத்தமாக டர்போவுக்குள் போகும். டீசல் இன்ஜினுக்கு ஆயிலும் சாப்பாடுதான். பிடித்துக்கொண்டால் சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் தானாக ஏறி அலறும். உள்ளே போகும் காற்றை அடைத்தால்தான் அடங்கும். வலை அழுக்கேறி அடைத்தாலும் வம்புதான். உள்ளழுத்தம் கூடி, ஆயில் பார்க்கிற குச்சி தானாக மேலே எழும்பி நிற்கும்.

பிஎஸ்-6 வண்டி வைத்திருப்பவர்கள் இதில் கைவைக்க வேண்டாம். புது இன்ஜின்கள் பலவற்றில் ஆயிலைப் பிரிக்கும் அமைப்பு டேப்பெட் கவருக்குள்ளேயே இருக்கிறது, மீறிக் கைவைத்தால் வாரண்டிக்கும் சிக்கல். டப்பா சீக்கிரம் சீக்கிரம் நிரம்புகிற பழைய வண்டிக்காரர்கள் இன்னும் பெரிய டப்பா தேடாமல் பிஸ்டன் ரிங்கைப் பாருங்கள். மற்றவர்கள் வடிகிற திருகைக் கை எட்டும் இடத்தில் வைத்து, குளிர்காலத்தில் அடிக்கடி திறந்து விடுங்கள். வடிந்ததை வாய்க்காலில் ஊற்றாமல், வேஸ்ட் ஆயில் எடுக்க வருகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.