தடவிப் பார்க்க மட்டும்

அமெரிக்காவில் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்களுக்கு ஊர்க் கடை என்றால் உயிர். அங்கேதான் பருத்தித் துணியைத் தடவிப் பார்ப்பார்கள், எந்த நிறத்துக்கு எது எடுப்பாக இருக்கும் என்று கடைக்கார அம்மாவைக் குடைவார்கள், துணியோரத்தில் அச்சிட்டிருக்கும் கம்பெனிப் பெயரையும் டிசைன் பெயரையும் போனில் படம் பிடிப்பார்கள். வாங்குவது? வீட்டுக்குப் போய் ஆன்லைனில். (தபால் செலவு கணக்கில் வராது.) மனசு உறுத்தினால் 18க்கு 22 அங்குலத் துண்டு ஒன்று, பரிகாரமாக.

1943இல் தொடங்கிய, கூப்பனுக்குப் பேர்போன துணிக்கடைச் சங்கிலியான ஜோஆன், 2025இல் எல்லாக் கடைகளையும் மூடிவிட்டது. கூப்பன் பக்தர்கள் இப்போது ஊர்க் கடைப் படியேறி, “நாற்பது சதவீதத் தள்ளுபடி உண்டா?” என்கிறார்கள்.

கிடையாது தாயே. தடவிப் பார்ப்பது மட்டும்தான் இலவசம்.