முன்னுக்குப் பின் முரணாக

வீட்டில் ஒரு பிள்ளை தடயவியல் உளவியல் படிக்க ஆசைப்பட்டால் காந்திநகருக்குப் போ, லண்டனுக்குப் போ என்று சொல்லிப் பெற்றோர் வீட்டை அடகு வைக்க வேண்டாம். காலை ஆறு மணிக்கு அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துக்கு அனுப்புங்கள். ஒரு டீ, ஒரு தினசரி, அவ்வளவுதான் கல்விக் கட்டணம். குற்றச் செய்திப் பக்கத்தில் முழுப் பாடத்திட்டமும் நான்கு வரியில் இருக்கும்.

முதல் வரி: சந்தேகத்துக்கிடமாக நின்றிருந்த வாலிபர் முன்னுக்குப் பின் முரணாகப் பதில் அளித்தார். இரண்டாம் வரி: போலீசார் தங்கள் பாணியில் விசாரித்தனர். மூன்றாம் வரி: குற்றத்தை ஒப்புக்கொண்டார். நான்காம் வரி: கழிப்பறையில் வழுக்கி விழுந்ததில் கை முறிந்து மாவுக்கட்டு போடப்பட்டுள்ளது.

எழுபது வயது ஆளும் இதைப் படித்துத்தான் வளர்ந்தார், அவர் பேரனும் இதையேதான் படிக்கிறான். வாலிபரின் பெயர் மட்டும் மாறும். நிருபர் புதிதாக எழுதத் தேவையில்லை. அச்சுக்கோத்த காலத்தில் இந்த நான்கு வரியையும் கலைக்காமல் அப்படியே கட்டி வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். இரவு ஒரு மணி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து, ஷேர் ஆட்டோ கிடைக்காமல் ஒடிசாக்காரப் பையன் ஒருவன் நிற்கிறான். நின்றாலே சந்தேகத்துக்கிடம், நடந்தால் பதுங்கிச் செல்லுதல், ஓடினால் வாக்குமூலமே கொடுத்த மாதிரி. ஜீப் நிற்கிறது. தமிழில் கேள்வி, இந்தியில் பதில், தமிழில் கெட்ட வார்த்தை. எங்கே வேலை என்றதற்கு கம்பெனி பெயரைச் சொன்னான். யார் முதலாளி என்றதற்கு கான்ட்ராக்டர் பெயரைச் சொன்னான். ஆகா, முரண்! பட்டாபிராம் வரை பரவியிருக்கும் பலே திருடன் சிக்கிவிட்டான்.

இதே முரணை உலகம் வேறு விதமாகப் படித்திருக்கிறது. 1974-ல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர், கார்கள் மோதிக்கொள்ளும் படத்தை மாணவர்களுக்குக் காட்டினார். “இடித்தபோது என்ன வேகம்?” என்று சிலரைக் கேட்டார். “நொறுக்கியபோது என்ன வேகம்?” என்று வேறு சிலரைக் கேட்டார். நொறுக்கியபோது என்று கேட்கப்பட்டவர்கள் கூடுதல் வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லவே இல்லாத கண்ணாடிச் சில்லுகளைக்கூட அவர்களில் பலர் பார்த்ததாகச் சொன்னார்கள். கேள்வியில் ஒரு வினைச்சொல்லை மாற்றியதற்கே நினைவு இப்படி வளைகிறது என்றால், கேள்வியோடு லத்தியும் சேர்ந்து வந்தால் எதெல்லாம் வளையும்? உண்மையில் நடந்ததைச் சொல்பவன் தடுமாறுவான், திருத்துவான், மறப்பான். ஒரு பிசிறும் இல்லாமல் ஒப்பிக்கிறவன் மனப்பாடம் செய்தவனாகவும் இருக்கலாம்.

“முப்பது வருஷ சர்வீஸ் சார், முகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன்” என்பார்கள். சொல்லுங்கள். 2006-ல் பாண்ட், டிபாலோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றிய பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். மனிதர்கள் பொய்யையும் மெய்யையும் சரியாகப் பிரித்தது நூற்றுக்கு 54 முறை. போலீஸ் போன்ற தொழில்காரர்களும் மற்றவர்களைவிடத் தேறவில்லை. ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டிவிட்டால் 50 கிடைக்கும். முப்பது வருஷ சர்வீஸின் கூடுதல் மகசூல் நான்கு. அதற்கும் உத்தரவாதம் இல்லை.

இரண்டாம் பாடம், “தங்கள் பாணி”. பரதத்துக்குப் பந்தநல்லூர் பாணி, வழுவூர் பாணி என்று உண்டு. காவல் துறைக்கும் ஒரு பாணி உண்டு என்பதைத் தமிழ்ப் பத்திரிகைகள் கூசாமல் அச்சடிக்கின்றன, நாமும் டீயை உறிஞ்சிக்கொண்டே படிக்கிறோம். கைது செய்வதற்கும் காவலில் வைப்பதற்கும் இன்னின்ன விதிகள் என்று உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் 1996-லேயே பட்டியல் போட்டுக் கொடுத்தது. அந்தப் பட்டியல் ஸ்டேஷன் சுவரில் அழகாகத் தொங்கும். பாணி உள்ளறையில் நடக்கும். 2020-ல் சாத்தான்குளத்தில், ஊரடங்கில் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று ஜெயராஜும் பென்னிக்ஸும் அந்தப் பாணிக்கு ஆளானார்கள். அப்பா, மகன் இருவருமே பிணம். 2025-ல் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், நகை காணோம் என்ற புகாருக்காக விசாரிக்கப்பட்டார். அவரும் பிணம். காணாமல் போன நகையைப் பற்றி ஒரு மனிதனின் மனதில் இருப்பதைத் தெரிந்துகொள்ள மனிதனையே உடைத்துப் பார்க்கும் இந்த முறைக்கு எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தரும்?

கேமரா இருந்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு தகவல். சாத்தான்குளத்திலும் கேமரா இருந்தது. அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். கழுவித் துடைத்த மனசாட்சி.

மூன்றாம் பாடம், “ஒப்புக்கொண்டார்”. ஐஸ்லாந்தில் கிஸ்லி குட்ஜான்சன் என்று ஒரு போலீஸ்காரர் இருந்தார். இளைஞராக இருந்தபோது பர்ஸ் திருட்டு ஒன்றை விசாரித்தார். சந்தேகப்பட்ட ஆளும் ஒப்புக்கொண்டுவிட்டான். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பர்ஸ் திருட்டே போகவில்லை. நம் பக்கத்தில் என்றால் ஒப்புக்கொண்டவனிடமிருந்து ஒரு பர்ஸையும் “கைப்பற்றி” இருப்பார்கள். அவரோ பிறகு உளவியலாளரானார். தூக்கமில்லாதவன், தனியே அடைக்கப்பட்டவன், சின்ன வயதுக்காரன், அதிகாரிக்குப் பிடித்த மாதிரி பேசிவிட்டால் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள் என்று நம்புகிறவன், இவர்களெல்லாம் செய்யாததையும் செய்தேன் என்பார்கள் என்று வாழ்நாள் முழுக்க அளந்து காட்டினார். இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டு குண்டுவெடிப்பில் நான்கு பேர் போலீஸ் காவலில் ஒப்புக்கொண்டு 1975-ல் சிறைத் தண்டனை பெற்றார்கள். 1989-ல் அவர்கள் குற்றவாளிகளே அல்ல என்று விடுதலை. அந்த நாடு தலைகுனிந்தது. விசாரணையை டேப்பில் பதிவு செய்யும் விதியை அதற்கு முன்பே கொண்டுவந்திருந்தது. தலைகுனிவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும்.

நான்காம் பாடம் கழிப்பறை. இதில் நம்மை மிஞ்ச உலகில் ஆளில்லை. 2022 ஜனவரியில் ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் தனித்தனி ஆணையரகம் வந்தது. புதுக் கட்டடம், புதுப் பலகை, புது ஜீப் எல்லாம் வந்தது. மாநிலம் முழுக்க அந்தக் கழிப்பறைத் தரை மட்டும் மாறவில்லை. சிமென்ட் போட்டவர் யாரோ, அவருக்குத் தனி வித்தை தெரிந்திருக்கிறது: ஏட்டய்யா நடந்தால் தரை, கைதி நடந்தால் பாசி. 2025-ல் சென்னை உயர் நீதிமன்றமே பொறுமை இழந்து, கைதிகள் மட்டும்தான் அங்கே வழுக்கி விழுவார்களா என்று கேட்டுவிட்டது. மாவுக்கட்டோடு நிற்கும் படத்தை வாட்ஸ்அப்பில் பகிர்ந்து “சபாஷ் போலீஸ்” என்று கைதட்டுகிற நம்மை மட்டும் யாரும் கேட்கவில்லை.

கையை உடைப்பது பழைய முறை, விஞ்ஞானம் வேண்டும் என்பவர்களுக்கு இயந்திரம் இருக்கிறது. மயக்க ஊசி போட்டுப் பேச வைப்பது, வியர்வையையும் நாடித்துடிப்பையும் அளப்பது, தலையில் ஒயரை மாட்டி மூளையை வாசிப்பது. 2008-ல் புனே நீதிமன்றம் ஒன்று மூளை வாசிப்பையும் ஆதாரங்களில் ஒன்றாக ஏற்றுக் கொலைக்கு ஆயுள் தண்டனையே கொடுத்தது. அதே ஆண்டு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் இயக்குநர் தலைமையிலான குழு, இதில் அறிவியல் இல்லை என்று சொன்னது. 2010 மே 5-ஆம் தேதி செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் சம்மதமில்லாமல் இவற்றில் எதையும் செய்யக் கூடாது என்றது. ஆனாலும் ஆசை விடவில்லை. திருச்சியில் தொழிலதிபர் ராமஜெயம் கொல்லப்பட்டது 2012 மார்ச்சில். உண்மை கண்டறியும் கருவியில் பன்னிரண்டு பேரை உட்கார வைத்தது 2023 ஜனவரியில். கிட்டத்தட்ட பதினோரு வருடம் கழித்து ஒரு ரவுடியின் நாடி துடித்தால் அது குற்ற உணர்வா, சர்க்கரை வியாதியா என்று கருவிக்கு எப்படித் தெரியும்?

லத்தி, கழிப்பறை, ஒயர் மூன்றையும்விட ஆபத்தான கருவி ஒன்று உண்டு. அது பேனா. அதைப் பார்க்க 54-ஆம் நம்பர் பஸ் ஏறிப் பூந்தமல்லிக்கு வாருங்கள்.

1991 மே 21 இரவு, பூந்தமல்லி வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் மேற்கே இருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும், அவரோடு பொதுமக்களும் காவலர்களும் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வீடுகளுக்கு உண்மையான பதில் சொல்ல வேண்டிய கடமை அரசுக்கு இருந்தது. பூந்தமல்லியில், தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துக்கான நீதிமன்றத்தில், மூடிய கதவுக்குள் வழக்கு நடந்தது. 1998 ஜனவரி 28-ஆம் தேதி குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு. இருபத்தாறு மனங்களையும் ஒரே தராசில் நிறுத்து ஒரே எடை என்று கண்ட அதிசயம். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதியிலிருந்து விடுவித்துவிட்டது.

இந்தியச் சாட்சியச் சட்டம் எழுதப்பட்டது 1872-ல். போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்று அதில் எழுதியவன் வெள்ளைக்காரன். தன் போலீசைத் தானே நம்பாத அளவுக்கு அவனுக்குத் தெளிவு இருந்தது. சுதந்திர இந்தியாவின் தடா சட்டம் அந்த அவநம்பிக்கையைத் துடைத்தெறிந்தது, எஸ்.பி. அந்தஸ்து அதிகாரி எழுதிக்கொண்டால் அது சாட்சியம். 1999-ல் உச்ச நீதிமன்றம், இந்த வழக்கில் தடா குற்றங்களே பொருந்தாது என்றது. ஆனால் தடாவில் எழுதிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது. மரத்தை வெட்டியாகிவிட்டது, கயிறு மட்டும் அந்தரத்தில் தொங்கியது.

அந்தக் கயிற்றில் மாட்டிய நான்கு பேரில் ஒருவர் பேரறிவாளன். கைதானபோது வயது 19. அவர் மேல் விழுந்த முக்கியமான பழி, ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தது. பேட்டரி வாங்குவது குற்றமில்லை. எதற்கென்று தெரிந்து வாங்கினாரா என்பதுதான் வழக்கு. தடயவியல் உளவியல் கேட்கும் முக்கியமான கேள்விகளில் ஒன்று இது: அந்தச் செயலைச் செய்தபோது அந்த மனதில் என்ன இருந்தது?

2013-ல், ஓய்வுபெற்ற பிறகு, அந்த வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி வி. தியாகராஜன் வாய் திறந்தார். பேட்டரி வாங்கியதை அந்த இளைஞர் சொன்னார், எதற்காக என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். இரண்டாவது பாதியைத் தான் எழுதவில்லை. 2017-ல் இதையே உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் தாக்கல் செய்தார். ஏன் எழுதவில்லையாம்? எழுதினால் அது குற்ற ஒப்புதலாக இருக்காதாம், வாக்குமூலம் வாங்கும் நோக்கமே கெட்டுவிடுமாம். அடேயப்பா! கைதியின் வாயிலிருந்து உண்மை வரும்போது, அது நோக்கத்துக்கு ஒத்துவரவில்லையே என்று பேனாவை மூடி வைத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் கழித்தாவது சொன்னாரே என்று அவரைப் பாராட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பாராட்டுங்கள். தண்ணீர் கேட்டவனுக்குக் கருமாதியன்று குடம் எடுத்து வந்தவரையும் பாராட்டுகிற ஊர்தானே இது.

பாடம் கற்றோமா? பூந்தமல்லியிலிருந்து சிறிது தூரத்தில், போரூரை அடுத்த முகலிவாக்கத்தில் 2017-ல் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். ஊரே கொதித்தது. நானும் கொதித்தேன். ஒரு வருடத்தில் ஒரு வாலிபருக்குத் தூக்கு. குற்றவாளி என்ற தீர்ப்பும் தண்டனையும் ஒரே நாளில். கேமராவில் தெரிந்தது என்றார்கள். அந்தப் பதிவு நீதிமன்றத்துக்கு வந்து சேரவே இல்லை. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அவரை விடுவித்தது. இப்போது அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு யார் என்ன பதில் சொல்வது? அவசரத்தில் பிடித்ததும், ஒப்புக்கொள்ள வைத்ததும், நாம் கைதட்டியதும் சேர்ந்து அந்தக் குழந்தைக்குக் கிடைத்தது என்ன? ஒரு பூஜ்யம்.

தூக்குக்கு முன் கைதியின் மனநல அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள் என்று 2022-ல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வெளிவந்திருந்தது: ஆராயப்பட்ட 88 தூக்குக் கைதிகளில் 62.2 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநோய் இருந்தது. முதலில் தூக்கு, பிறகு வைத்தியம் என்பதுதான் நம் வரிசை. முன்னுக்குப் பின் முரண் என்றால் இதுதான்.

உளவியலாளர் வேண்டாம், கருவி வேண்டாம், காந்திநகரில் பட்டம் வாங்கியவர்கூட வேண்டாம். ஒரு ஒலிப்பதிவுக் கருவி, அதை அணைக்காத ஒரு கை, கைதி சொன்னதை முழுதாக எழுதும் ஒரு பேனா. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இவ்வளவு இருந்தால் போதும். அடுத்த முறை நாளிதழில் “முன்னுக்குப் பின் முரணாக” என்று படித்தால், வாசகரே, யாருடைய முரண் என்று ஒரு கணம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேரறிவாளனுக்குத் தூக்கு 2014-ல் ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அப்போது அவருக்கு வயது 50. எழுதாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்.